லில்லி சேணம் போட விடாத நாள்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் சீருடை போட்ட இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்.

“ஏறி ஓட்ட காயடிச்ச குதிரதான் சொகம். ஆனா மனசுல இருக்குறத ஒளிக்காதது பொட்டக் குதிரதான்.”

பக்கத்தில் இருந்தவர் தெற்கத்திக்காரர். “நீ எப்பல குதிரை ஓட்டுன, தேவா?”

“இங்க சேர்றதுக்கு முன்னாடி, தண்டலத்தாண்ட குதிரையேத்தம் கத்துக்குடுக்குற எடத்துல ஆறு வருசம் இருந்தேன். முத்துன்னு ஒண்ணு, காயடிச்சது. கால் வலிச்சாலும் சொன்ன பக்கம் போவும். லில்லி பொட்ட. புடிக்கலன்னா ஒரு அடி எடுத்து வெக்காது.”

“அப்ப முத்துதாம்ல நல்லது.”

“நானும் அப்டிதான் நெனச்சேன். ஒரு நாளு லில்லி சேணம் போடவே வுடல, கடிக்க வந்துச்சு. திமிருன்னு நெனச்சு சாட்டையால அடிச்சு, ஏறி ஓட்டிட்டேன். எறங்கி சேணத்த எடுத்தா முதுகெல்லாம் ரத்தம். சேணத்துக்கு அடில போடுற துணில கருவேல முள்ளு. முந்தின நாளே குத்திகீது.”

“ஐயோ. ஆறிருச்சா?”

“புண்ணு ஒரு மாசத்துல ஆறிடுச்சு.”

தேவா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

“அப்பறம் நான் சேணத்த எடுத்துகினு போனா அசையாம நிக்கும். எங்க வலிக்குதுன்னு எங்கிட்ட சொல்றதையே நிறுத்திடுச்சு.”