விட்டோல்டின் காது

தேத்தண்ணீருக்குப் பால் விடாமல் எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்க என்னைப் பழக்கியவர் விட்டோல்ட். போலந்துக்காரர்கள் அப்படித்தான் குடிப்பார்களாம். உங்களுக்குப் பால் விட்டிருக்கிறேன், மிருணாளினி. நீங்கள் அவருடைய மகள் ஏவாவின் சட்டத்தரணியாக வந்திருந்தாலும் நகரத்தை விட்டு இவ்வளவு தூரம் கிரெய்கிபர்ன்வரை வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப என் மனைவி மாக்கிறேட் விடமாட்டாள். கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

அவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஊட்ச் என்ற ஊரில் பிறந்தவர். போலந்தின் படங்கள் பாதி அங்கேதான் எடுக்கப்பட்டன. அப்பா ஸ்டூடியோ வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தார். நாட்டில் இராணுவச் சட்டம் வந்த காலத்தில் மனைவி ஹலினாவையும் கைக்குழந்தை ஏவாவையும் கூட்டிக்கொண்டு விட்டோல்ட் மெல்பேர்னுக்கு வந்து, கார்த் தொழிற்சாலையில் கதவு பொருத்தும் வேலை செய்தார். ஒருநாள் மேற்பார்வையாளரிடம் போய், “அந்த இயந்திரத்தின் சத்தம் அரைச் சுரம் இறங்கிவிட்டது, உடையப் போகிறது” என்றாராம். சிரித்தார்களாம். பின்னேரம் உடைந்தது. பிறகு யாரோ ஆட்டுப் பண்ணைகளைப் பற்றி எடுத்த விவரணப் படத்துக்கு இசை கேட்டார்கள். அங்கிருந்து பெரிய படங்கள், விருதுகள், சென்ட் கில்டாவில் கடல் தெரியும் வீடு.

நான் மன்னாரில் கோயில் ஓர்கன் வாசித்தவன். இங்கே வந்து பியானோவுக்குச் சுருதி சேர்க்கப் படித்தேன். அவருடைய பியானோவைப் பார்க்கப் போனவன் அவரிடமே தங்கிவிட்டேன். அவர் வாசித்துக் காட்டுவார், எந்த வரி வயலினுக்கு, எது குழலுக்கு என்று பிரித்து எழுதுவது நான். வலன்ரைன் என்ற என் பெயரை அவர் ‘வாலெந்தி’ ஆக்கிக்கொண்டார். படத்தின் முடிவில் சனம் எழும்பி வாசலுக்குப் போன பிறகு அந்தப் பெயர் திரையில் ஓடும்.

அவருக்குப் பிறவியிலேயே சுரம் தெரியும். ட்ராம் மணி, குசினியில் கரண்டி விழுகிற சத்தம், எதைக் கேட்டாலும் அது இன்ன சுரம் என்பார். எனக்கு அது இல்லை. நான் எண்ணிப் பிடிக்க வேண்டும். அவர் சும்மா இருந்தபடி சொல்லிவிடுவார்.

ஒருமுறை ஒரு தாய் மகனைத் தேடும் காட்சிக்கு நானே ஒரு மெட்டுப் போட்டேன். இரவு பகலாக உழைத்த மெட்டு. அவர் கேட்டார். “சரியாக இருக்கிறது, வாலெந்தி,” என்றார். பிறகு பென்சிலை எடுத்து ஒரே ஒரு சுரத்தை மாற்றிவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போனார். நான் வாசித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. அவர் அடுத்த அறையில் எலுமிச்சம்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். மனவருத்தம், ஏமாற்றம் என்றெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டாம். பொறாமை. வயிறு பற்றி எரிந்தது.

வயது போனால் அப்படிப்பட்டவர்களுக்கும் காது மாறும். எல்லாச் சுரமும் கொஞ்சம் உயர்ந்து கேட்கும். விட்டோல்ட் பயந்தது அது ஒன்றுக்குத்தான். அதனால் காலையில் எழுந்ததும் அப்பா சுருதி பார்க்க வைத்திருந்த இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடிப்பார். ஒரே சுரம், மாறாத சுரம். “என் காது பொய் சொல்லலாம். இரும்பு சொல்லாது,” என்பார். தன்னைவிட அந்தக் கவையை நம்பினார். அந்தப் பிழை அவருடையது, என்னுடையதல்ல.

இசைக்கவையின் நுனியை அராவினால் சுருதி ஏறும். நான் அராவினேன். ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. அராவிய இடத்தை மினுக்கி வைப்பேன். அவருக்குக் கண் பார்வை மங்கல். பிறகு அந்தக் கவைக்கே பியானோவையும் சுருதி சேர்ப்பேன். சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது.

ஒரு காலை அவர் கட்டில் விளிம்பில் கவையோடு இருந்தார். “எனக்கும் வந்துவிட்டது, வாலெந்தி. கவை உயர்ந்து கேட்கிறது,” என்றார். நான் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு நெருக்கமாக நாங்கள் முன்பு இருந்ததில்லை.

அதன்பின் கேட்கும் ஒவ்வொரு சுரத்தையும் மனதுக்குள் சற்று இறக்கிக் கணக்குப் போடப் பழகினார். கடினமான வேலை. இந்த வயதில் அதையும் பழகினாரே என்று எனக்கு மறுபடியும் எரிந்தது.

அவருடைய கடைசிப் படத்தின் ஒலிப்பதிவு. மண்டபம் நிறைய வாத்தியக்காரர்கள். ஓபோ என்ற குழலை வாசிப்பவர் சுருதி கொடுத்தார். விட்டோல்ட் தலையாட்டி, குறைகிறது என்றார். திரும்பக் கொடுத்தார். திரும்பவும் குறைகிறது என்றார். சுருதி பார்க்கும் கருவியை அவர் முன்னே கொண்டுவந்து காட்டினார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். படத்தின் இயக்குநர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

விட்டோல்ட் என்னிடம் திரும்பினார். “கவை எங்கே?”

அது என் காற்சட்டைப் பையில் இருந்தது. “வீட்டில் விட்டுவிட்டோம்,” என்றேன்.

“அப்போ நீ சொல். யார் சரி?”

“அவர்கள்தான்,” என்றேன். அது உண்மை. அன்று நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்று, அதுவும் கவையைப் பற்றித்தான்.

அவர் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். படத்தின் இசையை என்னிடம் தந்தார்கள்.

மறுநாள் கவையைப் பியானோமேல் வைத்தேன். கடலில் எறிந்திருந்தால் ஏவா அதைச் சோதிக்கக் கொண்டுபோயிருக்க மாட்டாள், நீங்களும் வந்திருக்க மாட்டீர்கள். ஆனால் அது அவருடைய அப்பாவின் பொருள். மனம் வரவில்லை. நான் அப்படிப்பட்டவன் அல்ல.

அதன்பின் அவர் எந்த இசையையும் கேட்பதில்லை. வானொலி இல்லை. தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடும். ஹலினாவின் ஆண்டுத் திருப்பலிக்கு நான்தான் கைபிடித்துக் கூட்டிப்போனேன். பாடகர்கள் எழும்பியதும் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார். அவர்கள் பாடியது, ஹலினாவை அடக்கம் செய்த அன்று அவரே எழுதிய பாட்டு.

வெள்ளிக்கிழமைகளில் சாப்பாடு கொண்டுபோவேன். “அந்த மனிசன்தான் ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லையே, நீங்கள் ஏனப்பா இவ்வளவு தூரம் போறியள்?” என்று மாக்கிறேட் கேட்பாள். ஆனாலும் கறியை அவள்தான் கட்டித் தருவாள். கோயில் பங்கில் என்னைப் புகழ்கிறார்கள். போகாவிட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

படம் வெளிவந்தது. என் பெயர் முன்னாலேயே வந்தது. கைதட்டினார்கள், பத்திரிகையில் நல்லபடியாக எழுதினார்கள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அவர்களுக்கு என்ன தெரியும்? விட்டோல்ட் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். கையெழுத்து வைக்கிறேன். நாளைக்கு ஏவா அவரிடம் உண்மையைச் சொல்லப் போகிறாளாம். நல்லது. காதில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தால் சந்தோஷப்படுவார். எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அவர் பஞ்சை எடுத்ததும் முதலில் என் படத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இந்த உலகத்தில் நான் நம்புகிற காது அது ஒன்றுதான். நன்றாக இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், நான் எங்கே இருந்தாலும் எனக்கு அறிவியுங்கள்.