புள்ளி வைத்த நாய்க்குட்டிகள்

பிறந்தநாள் விழாவுக்குப் பலூனை முந்தின நாளே ஊதி வைக்கக் கூடாது. மறுநாள் சாயங்காலத்துக்குள் அது சுருங்கிவிடும், கட்டியவனின் மரியாதையும் கூடவே சுருங்கும். "நடந்தத மொதல்ல இருந்து உங்க கையாலயே எழுதுங்க" என்று இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னதால் இங்கிருந்து தொடங்குகிறேன். என் பெயர் வைகுண்டராஜ். வயது நாற்பத்து மூன்று. ராஜபாளையத்தில் பலூன், மேடை அலங்காரக் கடை வைத்திருக்கிறேன். இங்கே ஸ்டேஷனில் என்னை யாரும் அடிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், சர்க்கரைதான் கொஞ்சம் குறைவு.

என் தங்கை மகாலட்சுமியை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் மகள் அனுக்ரஹாவுக்கு ஐந்து வயது முடிந்தது. நான் தாய்மாமன். காது குத்தும்போது அவளை மடியில் வைத்திருந்தது நான்தான். அவளைவிட நான் அதிகமாக அழுததாக வீடியோவில் இருக்கிறது.

போன வருஷப் பிறந்தநாளுக்குக் கடல் என்று தீம் வைத்தோம். நான் மீன் பலூன்களைப் போய் மின்விசிறிக்கு நேர் கீழே கட்டியிருந்தேன். கேக் வெட்டுவதற்குள் சுறா மூன்றும் வெடித்துவிட்டன. திமிங்கலம் அறுந்து மாப்பிள்ளையின் பெரியப்பா இலையில், சாம்பாரின் மேல் இறங்கியது. அதைச் சொல்லிச் சொல்லியே அந்த வீட்டில் ஒரு வருஷத்தை ஓட்டினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள்.

இந்த வருஷம் தங்கை மாப்பிள்ளை கௌதம்ராஜ் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"மச்சான், மதுரையில இருந்து ஆள் வாராங்க. நீங்க சும்மா வந்து சாப்பிட்டுப் போங்க, போதும்."

கனிவாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஊர் முன்னால் தாய்மாமன் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துவிட்டுப் போவதா? "பிள்ளைக்கு என்ன வேணும்னு அதுகிட்டயே கேப்போம் மாப்பிள" என்றேன்.

அனு யோசிக்கவே இல்லை. "புள்ளி நாய் மாமா. டிவில வருமே, அது. நெச நாய். ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணு என்னடா செல்லம், பன்னெண்டு கொண்டாறேன்" என்றேன். அவள் கேட்டது ஒன்றுதான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். மதுரை ஆள் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

புள்ளி நாய் வெளிநாட்டு ஜாதி, எங்கள் பக்கம் கிடைக்காது. ஆனால் ராஜபாளையத்தில் பிறந்தவன் வெள்ளை நாய்க்கு அலைய வேண்டியதில்லை. வெள்ளையின் மேல் கறுப்பாகப் புள்ளி வைத்தால் ஆயிற்று. இந்த யோசனை வந்தபோது நான் என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

வத்திராயிருப்புப் பக்கம் தோப்பில் நாய் வளர்க்கும் கருத்தையாவிடம் போனேன். எங்கள் ஊர் வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே காது கேட்காமல் இருக்கும். அவற்றை யாரும் வாங்குவதில்லை. அப்படிப்பட்ட குட்டிகள் அவரிடம் பன்னிரண்டு இருந்தன, நாற்பத்தைந்து நாள் குட்டிகள். விழா முடிந்ததும் திருப்பித் தருகிறேன் என்று வாங்கினேன். காது கேட்காதது எனக்கு வசதிதான். ஸ்பீக்கர் சத்தத்துக்கு மிரளாது. இப்படி எல்லாப் பக்கமும் யோசிக்கிற ஆள் நான்.

என்ன சாயம் என்று கருத்தையா கேட்டார். என் மீசையைக் காட்டினேன். ஏழு வருஷமாக நான் போடும் அதே டை.

"ஏலே, நாய் ஒடம்ப நக்கும்ல? வயித்துக்குள்ள போயிராதா?"

"ஒரு நாள்தானே அண்ணாச்சி. நான் டீ குடிக்கையில மீசை நனையலையா?"

டை பெட்டியின் மேல் எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. படித்தேன். வாய்க்குள் போகக் கூடாது என்று போட்டிருந்தது. மனிதர்களுக்காக எழுதியது என்று எடுத்துக்கொண்டேன்.

விழா அன்று காலையில் கடையின் பின்புறம் உட்கார்ந்து, உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, டையில் தோய்த்து முத்திரை குத்துவது போலக் குத்தினேன். தலைக்குப் போட்டால் அரை மணி நேரத்தில் அலச வேண்டும். ஒரு குட்டியை அலசிப் பார்த்தேன், புள்ளி கலங்கிச் சேறாகிவிட்டது. அதற்கு மறுபடி குத்தினேன், மற்றவற்றை அலசவில்லை. பன்னிரண்டும் வரிசையாக உட்கார்ந்து தங்களைத் தாங்களே நக்கிச் சுத்தம் செய்துகொண்டன. நான் போட்டோ எடுத்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு இருப்பதிலேயே சின்னக் குட்டிக்கு முகம் வீங்கியது. நாக்கு கறுத்தது. மூச்சை இழுத்து இழுத்து விட்டது. நாலு மணிக்கு அதைத் தனியே ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. மீதிப் பதினொன்றை வேனில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் புறப்பட்டேன். வழியில் கால்நடை ஆஸ்பத்திரி இருப்பது எனக்குத் தெரியும். நிறுத்தினீர்களா என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார். நிறுத்தவில்லை. அங்கே கழுவி ஊசி போட்டிருப்பார்கள். கழுவினால் புள்ளி போய்விடும்.

விழா எப்படி நடந்தது என்று நான் சொன்னால் பெருமையடிப்பது போல இருக்கும். கறுப்பு வெள்ளை பலூன், புள்ளி வைத்த கேக், புள்ளி வைத்த தட்டு. குட்டிகளைக் கூடையோடு மேடையில் இறக்கியதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் மண்டபமே அதிர்ந்தது. அனு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கௌதம்ராஜ் என் தோளில் கை போட்டு, "மச்சான், அசத்திட்டீங்க" என்றார். மாப்பிள்ளையின் பெரியப்பா கூடக் கை கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாட்டு முடிவதற்குள் கூடையில் இரண்டு குட்டிகள் தலை சாய்த்துப் படுத்துவிட்டன. "தூங்குது, தூங்குது" என்றார்கள் பிள்ளைகள். இன்னும் ஒரு மணி நேரம் போனால் மேடையிலேயே, அத்தனை பேர் முன்னால், எல்லாம் தெரிந்துவிடும். திமிங்கலக் கதையையே ஒரு வருஷம் சொன்னவர்கள். இதை எத்தனை வருஷம் சொல்வார்கள்?

மைக்கை வாங்கினேன். ரிட்டர்ன் கிஃப்டாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாய்க்குட்டி என்று அறிவித்தேன். அனுவைச் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள், பதினொரு குட்டிகள். என் வாழ்க்கையில் எதுவும் இவ்வளவு சரியாக அமைந்ததில்லை. கழுத்தில் ரிப்பன் கட்டி என் கையாலேயே கொடுத்தேன். ஒரு மண்டபத்தில் பதினொன்றும் செத்தால் அது என் தவறு. பதினொரு வீட்டில் ஒவ்வொன்றாகச் செத்தால் அது அந்தந்த வீட்டில் கவனிக்காத தவறு.

ஜவுளிக்கடை நூர்னிசா மட்டும் தயங்கினார். அவர் மகன் யாசின் குட்டியை விடாமல் அணைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நாங்க வீட்டுக்குள்ள நாய் வளக்க மாட்டோம். அதோட இதுக்கு மூஞ்சி வீங்கியிருக்கே?"

"குட்டியில அப்பிடித்தாம்மா இருக்கும். கடைப் பின்னால கட்டிப் போடுங்க. பிள்ளை ஆசைப்படுறான்ல?" என்றேன். மகனின் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் மகாலட்சுமி போன் செய்தாள். போனேன். அனு கூடத்து மூலையில், பிறந்தநாள் கவுனில் குட்டியைச் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அது விறைத்திருந்தது.

"மாமா, நான்தான் பால் ஊத்துனேன். அதான் செத்துப்போச்சா?"

கௌதம்ராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் என் தோளில் கை போட்ட அதே மனிதர்.

"ஆமாடா. குட்டிக்கு அம்புட்டுப் பால் ஆகாது. பரவால்ல, தெரியாமத்தான செஞ்ச" என்றேன்.

அடுத்தடுத்து மற்ற வீட்டுப் பிள்ளைகளும் போனில் அழுதார்கள். ஒருத்தன் பிஸ்கட் கொடுத்திருந்தான், ஒருத்தி குளிப்பாட்டியிருந்தாள், ஒருத்தி இறுக்கிக் கட்டிப்பிடித்திருந்தாள். அதனால்தான் என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னேன். நூர்னிசா மட்டும் என்னைக் கேட்கவில்லை. குட்டியைத் துணியில் சுற்றி கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார், அங்கிருந்து இங்கே வந்தார்.

தங்கைக்கு எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்று இருக்கிறது. அனு இப்போது தம்பியின் தொட்டில் பக்கமே போவதில்லையாம். கூப்பிட்டால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் தொட்டா செத்துருவான்" என்கிறாளாம்.

பன்னிரண்டு குட்டிகளுக்கும் டை பூசியது நான். அவை சாகப்போகின்றன என்று தெரிந்தே பிள்ளைகள் கையில் கொடுத்தது நான். யாரும் தூண்டவில்லை. என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள்: இதில் எழுதியிருப்பதை அனுவுக்கு மட்டும் தெரியப்படுத்த வேண்டாம். பிஞ்சு மனசு, தாங்காது.