சீமாட்டியின் சீர்ப்பெட்டி

இரவு பதினொன்றரை மணி. ஆல்டமாண்ட் மலைப்பாதை. டிசம்பர் மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை... அந்த வழியே தன்னந்தனியாக வேன் ஓட்டிக்கொண்டு வந்தார் ஜம்புநாதன்.

"யாருக்கா அது?" என்றாள் ஃபெமினா. 2001 ஜனவரி, கலிஃபோர்னியாவின் பிளசன்டனில் அன்று கரண்ட் போயிருந்தது. ஹீட்டர் ஓடாத ஹாலில் ஐந்தாறு பெண்கள் இரண்டே கம்பளிக்குள் ஒடுங்கியிருந்தார்கள்.

"என் ஃப்ரெண்ட் விசாலாக்ஷியோட அக்கா வீட்டுக்காரர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நடந்தது. மெழுகுவத்தியை இப்படித் தள்ளி வை. குறுக்கப் பேசாம கேளுங்க," என்று ஆரம்பித்தாள் பவளம்.

ஜம்புநாதனைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கஞ்ச மகாபிரபு. ஆபீசில் நாலு பேர் தனக்குக் கீழே வேலை செய்ததால் தன்னை ஒரு சமஸ்தானாதிபதி என்றே நினைத்துக்கொண்டிருந்தவர். மனைவி நாகலக்ஷ்மியின் பாஸ்போர்ட், டிகிரி சர்ட்டிஃபிகேட், நகை எல்லாம் அவர் அலமாரியில். சாவி அவர் பேன்ட் பாக்கெட்டில். ஊரிலிருந்து பெற்ற தாய் கூப்பிட்டால்கூட, "என்னங்க, பேசட்டுமா?" என்று அவள் வந்து கேட்க வேண்டும். துரை டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னிக்கு வேண்டாம்" என்பார்.

அந்த மாதம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தங்கை விசாலாக்ஷிக்குத் திருச்சியில் கல்யாணம். டிக்கெட்டை அப்பாவே எடுத்து அனுப்பிவிட்டார். பாஸ்போர்ட் மட்டும் வேண்டும்.

"திரும்பி வரப்ப விசா ஸ்டாம்பிங்ல மாட்டிக்குவே. அப்புறம் இங்க யாரு சமைக்கிறது?" என்று முடித்துவிட்டார் அந்தப் புண்ணியவான். நாகலக்ஷ்மி இரண்டு நாள் அழுதாள். அவள் எங்கே அலமாரியை உடைத்துவிடப் போகிறாளோ என்ற பயத்தில், கெட்டியாகப் பூட்டக்கூடிய பெட்டி ஒன்று தேடிக் கிளம்பினார்.

ஸ்டாக்டனில் ஒரு பழைய வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். கடைசி நேரத்தில் போனால் மலிவு என்று சாயங்காலமாகப் போய் நின்றார். அங்கே இருந்தது அந்தப் பெட்டி. கறுத்துப்போன மரம், உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு. மூடியின் உட்புறம் ஒரு கல்யாண ஊர்வலம் வரைந்திருந்தது. குதிரைமேல் ஒரு சிறுமி, தலையைக் குனிந்தபடி.

வீட்டுக்கார வெள்ளைக்காரக் கிழவி அதன் கதையைச் சொன்னாள். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு பிரபுவின் மகளுடைய சீர்ப்பெட்டி. அவளுக்கு வயது பன்னிரண்டு. மாப்பிள்ளைக்கு நாற்பத்தெட்டு. அவளோடு சேர்ந்து வரும் நிலம்தான் அவனுக்கு வேண்டும். கல்யாணத்துக்குக்கூட வராமல் தன் ஆள் ஒருவனை அனுப்பினான். அவன் பேரில் இவன் நின்று சத்தியம் செய்தால் போதுமாம், கல்யாணம் முடிந்தது. வந்தவன் பெண்ணையும் பெட்டியையும் கொண்டுபோய்க் கோட்டையில் சேர்த்தான். ஒன்பது பிள்ளை பெற்றாள், ஏழு பேரைப் புதைத்தாள். தாய்க்கு ஒரு கடிதம் போடவும் புருஷன் அனுமதி வேண்டும். சாகும்வரை அவன் தரவில்லை.

'அந்தக் காலத்துலயே மனுஷன் என்ன ஒழுங்கா குடும்பம் நடத்தியிருக்கான்!' என்று மெச்சிக்கொண்டார் ஜம்புநாதன். அந்த மண்டையில் வேறென்ன தோன்றும்?

பெட்டியைக் கொண்டுபோகிறவர் அன்று அந்த ஆள் சொன்ன வார்த்தையைச் சொல்ல வேண்டும், சொன்னால் பாதி விலைக்குத் தருகிறேன் என்றாள் கிழவி. பாதி விலைக்கு அவர் எதைத்தான் சொல்ல மாட்டார்! பெட்டிமேல் கையை வைத்து, இளித்துக்கொண்டே, "அவனுக்குப் பதிலா நான் நிக்கிறேன். இவளை ஏத்துக்கறேன்" என்பதை இங்கிலீஷில் ஒப்பித்தார். கிழவி சிரிக்கவில்லை. அவர் ஒரு ஆளைத் துணைக்குப் பிடித்துப் பெட்டியை ஏற்றி முடிப்பதற்குள் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள்.

ட்ரேசியில் ஒரு நண்பர் வீட்டில் ஓசிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பும்போது மணி பத்தேமுக்கால். ஃப்ரீவேயில் விபத்து என்று மலைப்பாதையில் திரும்பினார்.

காற்றாலைகள் அசையாமல் நின்றன. சுத்தமாகக் காற்று இல்லை... அப்போதுதான் கேட்டது. டொக்... டொக்... வேனுக்குப் பக்கத்திலேயே குதிரை நடக்கிற சத்தம். அவர் வேகத்தைக் கூட்டினார். டொக்-டொக்-டொக்... அதுவும் கூடவே வந்தது.

பின்னால், க்ரீச்...

மூடி திறந்துகொண்டது. நனைந்த கம்பளி வாசனை. அணைந்த மெழுகின் வாசனை. வேன் தானாக நின்றது.

பின்கழுத்தில் விரல்கள் பட்டன. சின்னப் பெண்ணின் விரல்கள்... ஐஸ் மாதிரி. ஒரு கயிறு கழுத்தைச் சுற்றி வந்தது. ஒரு முடிச்சு. அவர் கல்யாணத்திலும் தாலியில் முதல் முடிச்சைத்தான் அவர் போட்டார். மற்ற இரண்டையும் அவருக்காக அவர் அக்காள் போட்டாள், நாத்தனார் முறைப்படி. பின்னால் இருப்பது யார் கை என்று நாகலக்ஷ்மியால் பார்க்க முடியவில்லை. அன்று அவள் தலை குனிந்திருந்தாள். இன்று இவர் குனிந்தார்.

இரண்டாவது முடிச்சு...

மூன்றாவது.

ஒரு மணிக்குக் கதவைத் திறந்த நாகலக்ஷ்மி அவர் கழுத்தில் சிவப்புக் கயிற்றைப் பார்த்தாள். இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டியை ஒற்றை ஆளாகச் சுமந்து படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்தார். பிறகு பாஸ்போர்ட், சர்ட்டிஃபிகேட், நகை எல்லாவற்றையும் அள்ளி வந்து அவள் கையில் கொடுத்தார். மலைப்பாதையில் நடந்ததைச் சொன்னார். கிசுகிசுத்துத்தான் சொன்னார், படுக்கையறைக் கதவைப் பார்த்துப் பார்த்து.

"நீ போயிடு நாகு. விடியறதுக்குள்ள போயிடு."

போய்விட்டாள். தங்கை கல்யாணத்தைக் கண்ணாரப் பார்த்தாள். என்ன இருந்தாலும் கட்டினவர் ஆயிற்றே என்று மூன்றாம் நாள் திருச்சியிலிருந்து போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னங்க, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. சாப்பிட்டீங்களா?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இரு நாகு... பேசலாமான்னு கேட்டுட்டு வரேன்."

வெறுங்கால் கார்ப்பெட்டில் தேய்ந்து தேய்ந்து போகிற சத்தம். க்ரீச் என்று மூடி திறந்தது. அவர் என்னவோ கெஞ்சினார். ஒரு சின்னப் பெண்ணின் குரல், புரியாத பாஷையில், ஒரே ஒரு வார்த்தை சொன்னது.

திரும்பி வந்து போனை எடுத்தார்.

"இன்னிக்கு வேண்டாமாம்."