அம்பு விடாமல் பிடித்த ஊர்

மாடியறையில் காற்று நன்றாக வரும், அக்கா. அண்ணன் அங்கே எப்படி இருந்தான் என்று கேட்டாயே, அதனால் சொல்கிறேன். ஜன்னலோரம் கட்டில், எதிரே கம்ப்யூட்டர். அண்ணி இறந்த பிறகு அவனுக்குப் பொழுது போனதே அந்த விளையாட்டில்தான். மந்திரவாதிகள் நடமாடும் ஒரு நாட்டில் ஊர்களைக் கட்ட வேண்டும், பக்கத்து ஊர்களைப் பிடிக்க வேண்டும். எனக்கும் அவன்தான் கற்றுக்கொடுத்தான்.

அதில் திரையில் தெரியாத கணக்கு ஒன்று உண்டு. தானியம், மதில், வீரர்கள் எல்லாம் தெரியும். மக்களுக்குத் தங்கள் ஊர்மேல் இருக்கும் பற்று மட்டும் தெரியாது. வெளியாட்கள் வந்துபோனால் அது ஏறும், வராவிட்டால் இறங்கும். தோற்றுத் தோற்று அதைக் கண்டுபிடித்த அண்ணன், சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"சண்டையே வேண்டாம்டா. போற வர்ற வழியெல்லாம் ஒண்ணொண்ணா அடைச்சிடு. ஒரு நாள் அவங்களே கதவத் திறந்து வச்சிட்டுப் போயிடுவாங்க."

இவ்வளவு பயனுள்ள ஒன்றை எனக்கு வேறு யாரும் சொல்லித்தந்ததில்லை.

என் மகள் பள்ளிவிட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடுவாள். நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அவனை வீட்டைவிட்டு அனுப்ப நான் நினைத்ததற்குக் காரணம் இதுதான். அவளுக்குப் படிக்க அறை வேண்டும் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது.

முதலில் சாப்பாடு. மூட்டுவலியோடு ஏன் இறங்கி வருகிறாய் என்று தட்டை மேலே அனுப்பினேன். தங்கமான தம்பி என்று என் மனைவியே மெச்சினாள். பிறகு மகளிடம், பெரியப்பாவுக்குத் தலைவலி, தொந்தரவு செய்யாதே என்றேன். ஞாயிறுதோறும் அவனோடு ஆட வரும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை, தூங்குகிறான் என்று வாசலோடு திருப்பி அனுப்பினேன். சில வாரங்களில் அவர் வருவதை விட்டுவிட்டார். கடையில் வேலை அதிகமாம் என்று அண்ணனிடம் சொன்னேன். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போலத்தான். அவனை நான் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை.

மிச்சமிருந்த வழி நீ. உன் போன் வந்தாலே அவன் எரிச்சல்படுகிறான் என்றேனே, அது பொய். அவனே உன்னை அழைக்கப் பார்த்தபோது, அக்கா உன்மேல் கோபமாக இருக்கிறாள், கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். அதற்குப் பிறகும் அவன் போனைச் சார்ஜ் போட்டுத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான். "அக்கா ஏதாச்சும் கேட்டுச்சா?" என்பான். இல்லை என்பேன்.

போன வாரம் காலையில் ஒரு பையோடு இறங்கி வந்தான். எங்கே என்று கேட்டேன். படியில் நின்று என்னைப் பார்த்தான். முகத்தில் கோபமே இல்லை.

"கதவத் திறந்து வச்சிருக்கேன்டா," என்றான். "நல்லாத்தான் கத்துக்கிட்ட."

அப்போதே அவன் காலில் விழுந்திருக்கலாம். கூனிக் குறுகி நின்றேனே தவிர, அந்தப் பையைப் பிடித்து நிறுத்தக் கை எழவில்லை. எங்கே போனான் என்று சத்தியமாகத் தெரியாது. போனை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதனால்தான் இப்போது நீ அவன் போனுக்கு அழைத்ததும் நான் எடுத்துப் பேசுகிறேன்.

மகள் இன்னும் மாடிக்குத்தான் ஓடுகிறாள். அந்தக் காலிக் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறாள், கூப்பிட்டால் வருவதில்லை. பிடித்த ஊர் நம்மோடு ஒட்டுவதற்குக் கொஞ்ச காலம் ஆகும் என்று அண்ணன்தான் சொல்லியிருக்கிறான். நான் காத்திருக்கிறேன்.