மலையை வெட்டாமல் கட்டிய வீடு

பண்ணைக்காட்டிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸில், தூங்கப்போன என்னை முன்சீட்டு அம்மாவின் பேச்சுதான் நிமிர்ந்து உட்கார வைத்தது.

"ஒரு வீட்டுக்குக் கால் வச்சுக் கட்டுனதுக்காக, நான் தெனமும் ஸ்தோத்திரம் பண்றேங்க."

அந்த அம்மாவின் பக்கத்தில் இருந்தவர் கட்டட மேஸ்திரி. சிமெண்டு படிந்த பையை மடியில் வைத்திருந்தார்.

"எந்த வீடும்மா?"

"எங்க வீட்டுக்கு மேல, சரிவுல ஒரு கம்பெனி கட்டுச்சே, அதுதான். எல்லாரும் ஜேசிபிய விட்டு மலைய வெட்டித்தான கட்டுவாங்க. பக்கத்துல அப்படி வெட்டுனதுல ஒரு ஊத்தே வத்திருச்சு. எங்க ஊத்தும் போச்சுன்னு சண்டைக்குக் கெளம்பிப் போனேன். போய்ப் பாத்தா, மலைய வெட்டாம இரும்புக் கால் நட்டு, அதுமேல வீட்டத் தூக்கி வச்சிருக்காங்க. ஊத்து அப்படியே வருது."

மேஸ்திரி அம்மா பக்கம் திரும்பினார்.

"அங்க மேஸ்திரி நான்தாம்மா. ஜேசிபி விட்டா ரெண்டு நாள் சோலி, கையால குழி தோண்டச் சொல்றீங்களேன்னு இன்ஜினியர் பிள்ளைகிட்ட தெனமும் மல்லுக்கு நின்னேன். அந்தப் பிள்ளை ஒத்துக்கல. கீழ ஊத்து இருக்குன்னு அதுக்குத்தான் தெரியும். நான் எட்டிக்கூடப் பாக்கல."

அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"அந்த ஊத்துத் தண்ணிதான். குடிங்க."

மேஸ்திரி அண்ணாந்து இரண்டு மடக்கு குடித்துவிட்டு மூடியை இறுக்கினார். பாட்டிலைத் திருப்பித் தரவில்லை.

"இத நான் வச்சுக்கிறேன்மா. மிச்சத்த அந்தப் பிள்ளைகிட்டக் குடுக்கணும்."