காருக்குத் தகரக் கூரை

தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பியதும் எதிர் இருக்கைப் பெண் கணவரிடம் கேட்டார்: "காரோட துணிக் கூரையை எடுத்துட்டுத் தகரம் அடிக்கிறது என்னை மறைக்கத்தானே?"

"வெள்ளைக்காரன் வித்துட்டுப் போன வண்டி, எஸ்தர். பட்டறையில இன்ஜின் வேலை பார்க்கறப்பவே கூரையையும் மாத்திடலாம்னுதான்."

"கல்யாணத்துக்கு முன்னாடி கூரையை மடிச்சுத் திறந்துதானே ஓட்டினீங்க? இப்ப பக்கத்துல நான் உட்கார்ந்தா வெட்கமா?"

"மழை வருதுல்ல."

"பொய். மழை அப்பவும்தான் வந்துச்சு."

குரோம்பேட்டை தாண்டியதும் கணவர் அவர் பக்கம் குனிந்தார். மெல்லச் சொன்னார்: "அன்னைக்குப் பெருங்களத்தூர்ல கழுத்துல சுத்தியிருந்த உன் முந்தானை பறந்து பின்சக்கரத்துல சிக்கிச்சே. கழுத்தை இறுக்கறதுக்குள்ள பிரேக் போட்டேன். கண்ணை மூடினா இன்னும் அதான் தெரியுது."

அந்தப் பெண் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இப்படி உட்கார்றேன். துணிக் கூரையே இருக்கட்டும்."