எண் போட்ட கதவு

இரவு மணி ஒன்று நாற்பது. கடைசிப் பேருந்து அவரை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. எதிரே ஒரே நேர்ச்சாலை… பதினான்கு விளக்குக் கம்பங்கள், எரிவது மூன்று.

நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வர எப்படியும் ஒரு மணி நேரமாகும். தம்பி, புதிதாகக் குடிவந்தவர் நீங்கள், படிக்கட்டு ஓரத்தில் உட்காராதீர்கள், நடுவில் வாருங்கள். வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்றா? குழந்தையும்? நல்லது.

இறங்கியவர் என் நண்பன் மெக்கானிக்கின் அக்கா கணவர். அச்சகத்தில் இரண்டாம் ஷிப்ட். மெக்கானிக் அவரை மாமா என்பான். இன்றிரவு நமக்கும் மாமாதான். அவர் குடியிருந்த வளாகத்தின் விளம்பரத்தில் ‘பேருந்து நிறுத்தத்திலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று போட்டிருந்தார்கள். மாமாவுக்கு இருபத்திரண்டு நிமிடம் பிடித்தது. ஐந்து நிமிடத்தில் கடந்தவன் எதைக் கண்டு ஓடினான் என்பதை விளம்பரத்தில் போடவில்லை.

குறை சொல்லக் கூடாது. ஆறு வருடம் மச்சினன் வீட்டு ஹாலில், குறுக்கே ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, புருஷன், மனைவி, பெண் குழந்தை என்று மூன்று பேர் படுத்தவர்கள். அவர்கள் சம்பளத்துக்குக் கிடைத்த முதல் தனிக் கதவு அது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. கையை நீட்டினால் எதிர்ச்சுவர். மேல்வீட்டில் செருப்பைக் கழற்றினால் எந்தக் கால் முதலில் என்று சொல்லிவிடலாம். இருந்தாலும் உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம் அல்லவா? குடிபோன முதல் ராத்திரி அக்கா மூன்று தடவை எழுந்துபோய், தாழ்ப்பாளைத் திறந்து திறந்து போட்டுப் பார்த்தாராம்.

அக்கம்பக்கமோ தங்கம். மேல்வீட்டு டீச்சர் தினமும் இறங்கிவந்து பாப்பாவுக்குத் தலை பின்னிவிடுவார். குடியிருப்போர் சங்கத் தலைவர் மெத்தைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார். தலைவர் சாதாரண ஆள் இல்லை. தண்ணீர் மோட்டாரைப் போடுவதென்றாலும் தொண்டையைச் செருமி, நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவார்.

மூன்றாம் நாள் படிக்கட்டடியில் வரவேற்புக் கூட்டம். “இது கௌரவமான குடும்பங்கள் வாழுற வளாகம். இனிமே நாம பன்னெண்டு வீடும் ஒரே குடும்பம்!” என்றார் தலைவர். கைதட்டல். பரிசுத்தாளைப் பிரித்தால் ஒரு பித்தளைப் பலகை. மேலே வீட்டு எண், கீழே மாமாவின் பெயர். தடவினாலே தெரியும்படி புடைத்த எழுத்து. டீச்சரின் கணவர் டிரில்லிங் மெஷினோடு தயாராக நின்றார். நாலு ஸ்க்ரூ. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நல்ல மனுஷங்கதானே சார்? நீங்கல்லாம் என் கதவுக்கும் பண்ணிக் குடுத்த மாதிரி.”

ஆமாம் தம்பி. அதே மாதிரி.

அன்று ராத்திரி வேலை முடிந்து படியேறும்போதுதான் மாமா பார்த்தார். மற்ற எந்தக் கதவிலும் எண் இல்லை. பெயர் இல்லை. ஒவ்வொன்றிலும் நாலு ஓட்டை… பட்டி பூசி அடைத்திருந்தது. பாவம், தங்களுக்கே இல்லாததை நமக்குத் தந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தார்.

இரண்டு பத்து.

கீழே கேட் திறக்கும் சத்தம். அப்புறம் படியில்… சப்… சப்… வெறுங்கால், ஈரக்கால். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கூடவே ஒரு வாடை. தரை துடைக்கும் மருந்தும், பிழிந்து காயப்போடாத துணியும் கலந்த வாடை. ஒவ்வொரு கதவாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே வருகிறது… ஸ்ர்ர்… ஸ்ர்ர்… மாமா வீட்டுக் கதவில் நின்றது. ஒரு நகம் அந்தப் பித்தளை எண்ணின் மேல் மெதுவாக ஓடியது. மேலிருந்து கீழ். திரும்ப மேலிருந்து கீழ்.

பிறகு சாவி. உள்ளே நுழைந்தது. திரும்பவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. சாவியை உருவிக்கொண்டு, சப் சப்பென்று கீழே போய்விட்டது.

“குடிகாரனா இருக்கும் சார்.”

ஒன்பது நாளும் அதே இரண்டு பத்துக்கு வரும் குடிகாரனைக் காட்டுங்கள் தம்பி, அவனுக்கு என் கடிகாரத்தைத் தருகிறேன்.

பத்தாம் நாள் மாமா தலைவரிடம் போனார். தலைவர் தொண்டையைச் செருமவில்லை. அவர் முன்னுரை இல்லாமல் பேசியது அன்றுதான். “பூட்டு பழசு. அதான் சத்தம். சங்கத்துலேருந்து புதுசு போட்டுத் தர்றோம்.”

சாயங்காலமே டீச்சரின் கணவர் வந்து மாட்டினார். தாழ்ப்பாள் புதுப் பூட்டை இடிக்கிறது என்று அதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போனார். மாமா அச்சகக்காரர், உலோகம் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே பிழைப்பு. புதுப் பூட்டின் சாவித்துவாரம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. கேட்க வாயெடுத்தார்… இலவசமாகத் தருபவரிடம் எப்படிக் கேட்பது?

டீச்சர் அன்று தலை பின்ன வரவில்லை. இருட்டிய பிறகு வாசலில் வந்து நின்று, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், “பாப்பாவ சுவரோரமா படுக்கவெச்சுக்கோங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

மாமா அன்று லீவு போட்டார். இரண்டு பத்து. சப்… சப்… இந்தத் தடவை எந்தக் கதவையும் தடவவில்லை. நேராக வந்தது. சாவி.

க்ளிக்.

கதவு திறந்தது… மெதுவாக மூடியது. தூங்குகிறவர்கள் விழித்துவிடக் கூடாதே என்று, நேரங்கழித்து வீடு திரும்புகிறவர்கள் மூடுவார்களே, அப்படி. ஈரக்கால்கள் அறையின் நடுவுக்கு வந்தன. யாரோ உட்கார்ந்தார்கள். வேலை முடிந்தவர்கள் விடும் நீண்ட பெருமூச்சு ஒன்று. அப்புறம் இருட்டில் பாப்பாவின் தூக்கக் குரல்:

“அம்மா, கைய எடும்மா… ஈரமா இருக்கு.”

அக்காவின் இரண்டு கையும் மாமாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

பாப்பாவை வாரிக்கொண்டு ஓடினார்கள். பேருந்து நிறுத்தத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். காலையில் சாமான் எடுக்க மெக்கானிக்கும் கூடப் போனான். மிச்சம் அவன் கண்ணால் பார்த்தது. படிக்கட்டு முழுக்க மரத்தூள். எல்லாக் கதவிலும் பலகை. பதினோரு வீட்டிலும் பளபளவென்று எண், பெயர். தலைவர் பலகையில் பெயரைவிடப் பதவி பெரிதாக இருந்தது. மாமா டீச்சர் வீட்டைத் தட்டினார். உள்ளே டிவி சத்தம் கூடியது.

தன் வீட்டில் தன் சாவியைப் போட்டார் மாமா. திரும்பவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

முந்தின நாள் கழற்றிக்கொண்டு போன தாழ்ப்பாள்.

மூன்று பேரும் மறுபடி அந்தப் போர்வைக்குப் பின்னால். அக்கா இப்போதும் ராத்திரியில் எழுந்து போர்வையின் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறாராம்.

“அப்புறம் சார்?”

போன மாதம் தலைவரே மெக்கானிக்கின் பட்டறையைத் தேடி வந்தார். பாதியாக இளைத்திருந்தார். அந்த வீட்டில் முன்பு ஒரு பெண் இருந்தாராம். ராத்திரியில் ஆபீஸ்களைத் துடைத்துப் பெருக்குகிற வேலை. நடுராத்திரி வந்துபோகிறவர் கௌரவமான வளாகத்துக்கு ஆகாது என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு மழை ராத்திரி, அவர் வேலைக்குப் போன பிறகு பூட்டை மாற்றினார்கள். கழற்றிய பூட்டு சங்கத்திலேயே கிடந்தது. வந்தவர் பதினோரு கதவையும் தட்டினார். “யாரும் தெறக்கல. ஏகமனதான தீர்மானம்” என்றாராம் தலைவர். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று மெக்கானிக் கேட்டான். தலைவர் நேராக விஷயத்துக்கு வந்தார்:

“உள்ள போயிட்டா அமைதியாயிடுவாங்கன்னு நெனச்சோம். இப்ப மறுபடி வெளிய வர்றாங்க. பாப்பா எங்கன்னு கேக்குறாங்க. விலாசம் குடுங்க தம்பி.”

மெக்கானிக் என்ன செய்வான்? பாப்பா அவன் வீட்டு ஹாலில் தூங்குகிறாள். ஒரு விலாசத்தைக் கொடுத்தான்.

“யாரோட விலாசம் சார்?”

என்னுடையதுதான். பதினைந்து வருடச் சிநேகிதன். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “ஒனக்குக் குழந்த இல்லையேடா” என்றான். நியாயந்தானே? நம் மாடியில் அப்போது யாருக்குமே குழந்தை இல்லை.

என்ன தம்பி, போனில் லைட் அடித்து எங்கள் கதவுகளையெல்லாம் பார்க்கிறீர்கள்? ஆமாம், நாலு நாலு ஓட்டை. பட்டி இன்னும் காயவில்லை, தொடாதீர்கள். அவர்கள் சொல்லாமல் செய்தார்கள். நாங்கள் உட்காரவைத்துச் சொல்லிவிட்டோம் அல்லவா?

…உஷ். கேட் சத்தம்.

மற்றவர்களெல்லாம் உள்ளே போங்கள். தம்பி, நீங்களும் ஓடுங்கள், குழந்தையைச் சுவரோரமாகத் தள்ளிப் படுக்கவையுங்கள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

தாழ்ப்பாளா… நேற்றுப் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்று கழற்றினோமே, அது என் வீட்டில் இருக்கிறது.